எந்த வாசல் வழியாக நுழைவது? ஃபேன்டஸி, சயன்ஸ் ஃபிக்‌ஷன் நாவல்களை வாசிக்கும் முறை

ஒரு ஃபேன்டஸி நாவலையோ சயன்ஸ் ஃபிக்‌ஷன் நாவலையோ ஆசையாக எடுத்து, நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்தவர்கள் பெரும்பாலும் பழியைத் தங்கள் மீதே போட்டுக்கொள்கிறார்கள். 'இந்த மாதிரிக் கதையெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் காரணம் வேறாக இருக்கும். தொடரின் தவறான பாகத்தில் தொடங்கியிருப்பார்கள். அல்லது ஆசிரியர் வேண்டுமென்றே விளக்காமல் விட்ட சொல்லோடு முட்டி மோதிக் களைத்திருப்பார்கள். அல்லது முதல் வாசிப்புக்கே பதினான்கு பாகத் தொடரைத் தூக்கியிருப்பார்கள். மூன்றையும் சரிசெய்ய முடியும்.

கீழே புகழ்பெற்ற நூல்களைப் பற்றிய வெளிப்படையான கருத்துகளும் வரும். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை.

முதலில் சொற்கணக்கு

பக்க எண்ணிக்கையை நம்ப வேண்டாம். எழுத்தின் அளவை மாற்றினால் ஒரே நாவல் 400 பக்கமாகவும் வரும், 600 பக்கமாகவும் வரும். எத்தனை சொற்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் படிப்பவருக்கு நிமிடத்துக்கு 200 சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'ட்யூன்' ஏறத்தாழ 1,90,000 சொற்கள். 16 மணி நேரம் பிடிக்கும். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஏறத்தாழ 4,80,000. 40 மணி நேரம். ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடர் முழுவதும் ஏறத்தாழ 44 லட்சம் சொற்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சரியாக ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடத்தைக் கொடுக்கத் தயாரா என்பதை முதல் பாகத்தை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

புதிதாக வருபவர்களுக்கு என் பரிந்துரை குறுநாவல். இந்த வகை எழுத்துக்குத் தரப்படும் ஹியூகோ விருதின் விதிப்படி 17,500 சொற்களிலிருந்து 40,000 சொற்கள் வரை உள்ளது குறுநாவல். அதற்கு மேல் போனால் நாவல். ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1895-ல் வந்த எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' இந்த அளவில்தான் இருக்கிறது. இன்றும் வேகம் குறையாமல் ஓடுகிறது. இன்றைய நடையில் வேண்டுமென்றால் மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை முறியடித்துவிட்ட ஒரு பாதுகாப்பு இயந்திரம், யாருக்கும் தெரியாமல் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டே வேலையைச் செய்கிறது. முதல் பத்தியிலேயே அதன் குரல் பிடித்துவிடும். சிறுகதைதான் வேண்டும் என்றால் டெட் சியாங்கின் 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பு 'ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்'. ஆனால் அதை ஒரே மூச்சில் படித்தால் திகட்டிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.

புரியாத சொல் வந்தால்

வழக்கமான நாவலில் தெரு, வீடு, அலுவலகம் எல்லாம் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். மனிதர்களை மட்டும் அறிமுகம் செய்தால் போதும். இங்கே உலகமே புதிது. அதை எல்லாம் விளக்கிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவேன் என்றால் ஆசிரியர் நூறு பக்கம் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் நல்ல ஆசிரியர்கள் சொல்லை முதலில் வீசிவிட்டு, பொருளைப் பிறகு காட்சி வழியாகத் தருகிறார்கள். மழலையில் நாம் தாய்மொழி கற்றதும் இப்படித்தான். யாரும் அகராதியைக் கையில் கொடுக்கவில்லை.

'ட்யூன்' நாவலின் முதல் சில பக்கங்களிலேயே 'கோம் ஜப்பார்', 'க்விசாட்ஸ் ஹாடரக்' என்ற இரண்டு சொற்கள் வந்து நிற்கும். பலரும் அங்கேயே நின்று நூலின் கடைசியில் உள்ள சொற்பட்டியலுக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். சில பக்கங்கள் தாண்டினால், கழுத்தருகே ஓர் ஊசியும் கையை நுழைக்க ஒரு பெட்டியுமாக ஒரு சோதனைக் காட்சி வரும். கோம் ஜப்பார் என்ன என்பது அங்கே தானாகவே தெரிந்துவிடும். பட்டியலில் படித்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பயம் கிடைக்காது. இரண்டாவது சொல்லுக்கு நாவல் முழுவதுமே பதில். முதலிலேயே தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை.

இதற்கு நடைமுறை விதி இப்படி: புதிய சொல் முதல்முறை வந்தால் தாண்டிப் போங்கள். இரண்டாம் முறை வந்தால், 'இது ஆளா, பொருளா, பதவியா, இடமா?' என்று மட்டும் ஊகியுங்கள். நான்கைந்து முறை வந்த பிறகும் எந்த வகை என்றே பிடிபடவில்லை என்றால்தான் பட்டியலைப் புரட்ட வேண்டும். இணையத்தில் தேடவே கூடாது. ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும் அவர் எப்படிச் சாகிறார் என்பதைத் தேடல் பெட்டியே சொல்லிவிடும்.

உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) இதைவிடக் கடினமான சோதனை. கதை நடக்கும் கோளில் நிலையான ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. ஆனால் அவர்களுடைய உடலின் இயல்பு முறையாக விளக்கப்படுவது 7-ஆம் அத்தியாயத்தில், ஒரு கள ஆய்வுக் குறிப்பாகத்தான். அதுவரை கதைசொல்லியோடு சேர்ந்து நாமும் குழம்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. இடையிடையே கதைக்குத் தொடர்பில்லாதது போல நாட்டுப்புறக் கதைகள் வரும்; 2-ஆம் அத்தியாயமே அப்படி ஒன்று. தாண்டிவிடாதீர்கள், கடைசிப் பகுதியின் கனம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. இன்னொன்று: ஆங்கிலத்தில் அந்த மக்கள் அனைவரையும் ஆண்பால் சுட்டாலேயே குறித்திருக்கிறார். பின்னாளில் லெ குவினே இதைப் பற்றித் தன் எண்ணம் மாறியதை எழுதினார். தமிழில் வாசித்துப் பழகியவர்கள் மனதுக்குள் 'அவன்' என்பதை 'அவர்' என்று மாற்றிக்கொண்டு படித்துப் பாருங்கள். நம் மொழியில் பால் காட்டாத அந்த ஒரு சொல் தயாராக இருப்பதால் இந்த நாவல் நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே திறக்கிறது.

லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நூலில் சிக்கல் பெயர்களில். சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும்: யே வென்ஜியே என்றால் 'யே' குடும்பப் பெயர். இது தெரிந்தால் தந்தை, மகள், தங்கை உறவுகள் உடனே கண்ணில் படும். ஆங்கிலப் பதிப்பின் தொடக்கத்தில் பாத்திரப் பட்டியலும் உண்டு. அதை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள் எந்தத் தடித்த நாவலுக்கும் வேண்டும். பெயர், யாருடைய ஆள், எந்தப் பக்கத்தில் முதலில் வந்தார் என்று மூன்றே விவரம். இருபது பெயருக்கு மேல் எழுத வேண்டி வந்தால் முக்கியமில்லாதவர்களையும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மின்னூல் கருவியில் கதையுலகின் வரைபடம் சிறிதாகி எழுத்தே தெரியாது. படத்தைத் தனியாகக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒலிநூல் முதல் வாசிப்புக்குச் சரிவராது. காதில் மட்டும் விழும் அந்நியப் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாம் முறைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

பின்னிணைப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் குடும்பப் பட்டியல் இருக்கிறது. முதல் பாகத்தின் பட்டியல் பேருதவி. ஆனால் முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாம் பாகத்தின் பட்டியலைத் திறந்தால், யார் உயிரோடு இல்லை என்பது அங்கேயே அச்சாகியிருக்கும்.

எந்த வரிசையில்

ஐயம் வந்தால் வெளியான வரிசையில் படியுங்கள். கதைக்குள் நடக்கும் கால வரிசை வேண்டாம். முன்கதை என்று பின்னால் எழுதப்படுவது, வாசகருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படிக்காமல் 'மீண்டும் ஜீனோ'வை எடுத்தால் ஜீனோ யார், அது இழந்தது என்ன என்ற பாரம் இல்லாமல் போவது போலத்தான்.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முதல் மூன்று நூல்கள் 1951, 1952, 1953-ல் வந்தன. தொடர்ச்சி 1982-லும் 1986-லும், முன்கதைகள் 1988-லும் 1993-லும். முன்கதையில் தொடங்கினால், 1986 வரை அசிமோவ் பொத்தி வைத்த விஷயம் சாதாரணத் தகவலாகக் கையில் வந்துவிடும். சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரிலும் இதே பிரச்சினை. இன்றைய பதிப்புகளில் '1' என்று எண் போட்டு வருவது 1955-ல் வெளியான 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. உண்மையில் முதலில் வந்தது 1950-ன் 'தி லயன், தி விட்ச் அண்ட் த வார்ட்ரோப்'. அலமாரிக்குள் பனி பெய்யும் ஆச்சரியம் வேண்டுமென்றால் எண்ணைப் பொருட்படுத்தாமல் அதையே எடுங்கள்.

டோல்கீன்: 'தி ஹாபிட்' (1937), பிறகு 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55), கடைசியில் விருப்பமிருந்தால் மட்டும் 'தி சில்மரில்லியன்' (1977). மூன்றாவதில் தொடங்கிக் கைவிட்டவர்கள் ஏராளம். அது நாவல் அல்ல, புராணத் தொகுப்பு. 'ரிங்ஸ்' மூன்று நாவல்களும் அல்ல. செலவு கருதிப் பதிப்பாளர் மூன்றாகப் பிரித்த ஒரே நாவல். ஹாபிட்டுகள் என்ற குள்ள மக்களைப் பற்றிய முன்னுரையை முதல் வாசிப்பில் தாராளமாகத் தாண்டலாம். தொடக்கம் மெதுவாகத்தான் போகும். ப்ரீ ஊரின் விடுதிக்கு வந்து சேரும் 9-ஆம் அத்தியாயம் வரை பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நடை பிடிக்கவில்லை என்று பொருள், விட்டுவிடலாம். இரண்டாம் பாகத்தின் நடுவில் கதை ஒரு குழுவை அப்படியே விட்டுவிட்டு, காலத்தில் பின்னோக்கிப் போய் இன்னொரு குழுவைத் தொடரும். இது தெரியாமல் பலர் அங்கே சோர்ந்து போகிறார்கள். அத்தியாயங்களை மாற்றி மாற்றிப் படிக்க முயல வேண்டாம். ஒரு தரப்புக்கு மற்றவர்களின் நிலை தெரியாது என்பதில்தான் பதற்றமே இருக்கிறது.

விதிவிலக்கு, டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்'. மொத்தம் 41 நாவல்கள். 1983-ல் வந்த முதல் நூல் பழைய ஃபேன்டஸிக் கதைகளைக் கிண்டல் செய்வது. அந்தக் கதைகளைப் படிக்காதவருக்கு பாதிச் சிரிப்பு வராது. 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) அல்லது 'மார்ட்' (1987) என்று தொடங்குங்கள். ஒவ்வொன்றும் தனியாகவே நிற்கும்.

டான் சிம்மன்ஸின் 'ஹைபீரியன்' (1989) எடுத்தால் 'தி ஃபால் ஆஃப் ஹைபீரிய'னையும் (1990) சேர்த்தே கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூல் முடிவதில்லை, நின்றுவிடுகிறது. அதில் வரும் ஆறு பயணிகளின் கதைகளில் அறிஞரின் கதை, தந்தையும் மகளும் பற்றியது, இந்த வகை இலக்கியத்திலேயே மிக வலிக்கும் பகுதிகளில் ஒன்று. அதற்காகவே வாங்கலாம்.

முடியாத தொடர்களும் தொய்ந்த நடுப்பாகங்களும்

தொடரைத் தொடங்கும் முன் அது முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மார்ட்டினின் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. பேட்ரிக் ராத்ஃபஸின் 'கிங்கில்லர்' தொடரின் இரண்டாம் பாகமும் அதே ஆண்டு. அதன் பிறகு இரண்டுக்கும் அடுத்த பாகத்துக்காக வாசகர்கள் காத்திருக்கிறார்கள். மார்ட்டினைப் படிக்க வேண்டுமா என்றால், வேண்டும். முதல் மூன்று பாகங்களும் (1996, 1998, 2000) கட்டுக்கோப்பில் ஒன்றையொன்று மிஞ்சுபவை. மூன்றாவதன் முடிவில் நின்றுகொண்டால்கூட நிறைவு கிடைக்கும். நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நடக்கும் கதையை ஆட்களை வைத்துப் பிரித்துச் சொல்கின்றன. பிடித்த பாத்திரம் ஒரு பாகம் முழுக்க வராமலே போகலாம்.

'வீல் ஆஃப் டைம்' முடிந்துவிட்ட தொடர். 1990-ல் தொடங்கியது, 2007-ல் ஜோர்டான் காலமானார், அவருடைய குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களை பிராண்டன் சாண்டர்சன் எழுதினார் (2009, 2010, 2013). இதில் 8 முதல் 10 வரை தொய்வு என்பதை ரசிகர்களும் மறைப்பதில்லை. குறிப்பாக 10-ஆம் பாகத்தில், முந்தைய பாகத்தின் இறுதி நிகழ்வை வெவ்வேறு ஆட்கள் தொலைவிலிருந்து உணர்வதையே ஜோர்டான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாகத்தை வேகமாகப் புரட்டலாம்; 11-ல் கதை மறுபடி ஓடத் தொடங்கும்.

எப்போது விடலாம்? தனி நாவல் என்றால் 50 பக்கம். 600 பக்கத்துக்கு மேற்பட்டது என்றால் 100. தொடர் என்றால் முதல் பாகத்தின் கடைசி வரை. 'மூன்றாம் பாகத்தில் சூடு பிடிக்கும்' என்ற ஆறுதலை ஏற்க வேண்டாம். முதல் பாகத்தில் ஒரு பாத்திரமாவது மனதில் ஒட்டவில்லை என்றால் மூன்றாவதிலும் ஒட்டாது. ஒரே ஒரு விலக்கு, ஸ்டீவன் எரிக்சனின் 'மலாஸன்' பத்துப் பாகத் தொடர். 1999-ல் வந்த முதல் பாகம் எந்த விளக்கமும் இல்லாமல் போரின் நடுவில் தள்ளிவிடும். இரண்டாம் பாகத்தில் எழுத்து வெகுவாக உயர்ந்திருக்கிறது. அந்த இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அதை முதல் ஃபேன்டஸியாக யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

பழையவற்றைப் படிக்கும்போது

'ஃபவுண்டேஷன்' முதல் நூலில் பெண்களே ஏறக்குறைய இல்லை. பாத்திரங்கள் காகித உருவங்கள். அறைக்குள் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். 1940-களில் பத்திரிகைக்கு எழுதிய கதைகளைச் சேர்த்துக் கட்டியதால் ஒவ்வொரு பகுதியிலும் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். மனிதர்களுக்காகப் படித்தால் ஏமாற்றம். ஒரு பேரரசு எப்படி உடைகிறது என்ற சிந்தனைக்காகப் படித்தால் இன்னும் கூர்மை மழுங்கவில்லை. ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டவூ வித் ராமா' (1973) நூலிலும் விண்வெளி வீரர்களின் பெயர்கள் நினைவில் நிற்காது. அங்கே கதாபாத்திரம் அந்தப் பிரம்மாண்ட உருளைக் கலமே.

வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) நூலில் மூன்று மெகாபைட் நினைவகம் திருட்டுச் சரக்காக விலைபோகிறது. இன்று ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. இப்படிப்பட்ட எண்களைக் கண்டு நூலை ஒதுக்குவது தவறு. நிறுவனங்களுக்கும் தனி மனிதருக்கும் இடையே அவர் காட்டும் உறவு அப்படியே நடந்திருக்கிறது. நடை நெருக்கமானது, வாக்கியத்துக்கு இரண்டு புதுச்சொல் வரும். முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படித்துவிட்டு மேலே போங்கள்.

கருத்துச் சொல்லும்போது

'போரடித்தது' என்பது கேட்பவருக்கு உதவாது. எது, எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். 'நடுவில் நூற்றைம்பது பக்கம் பயணம் மட்டும்தான், அதில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை' என்றால், பயணக் கதை பிடித்தவருக்கு அதுவே பரிந்துரையாகவும் மாறும். எத்தனை பாகம் படித்தீர்கள், மூலமா மொழிபெயர்ப்பா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 'த்ரீ-பாடி' தொடரின் ஆங்கிலத்தில் முதல், மூன்றாம் பாகங்களைக் கென் லியூவும் இரண்டாவதை ஜோயல் மார்ட்டின்சனும் மொழிபெயர்த்தார்கள். நடை மாறியதாகத் தோன்றினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அதன் பெண் பாத்திரங்கள் பலவீனம் என்பது வேறு புகார், அது மூல ஆசிரியரைச் சேரும்.

பிடிக்காதது வேறு, பழுது வேறு. பழுதைக் கண்டுபிடிக்க ஃபேன்டஸிக்கு ஒரு கேள்வி: முடிவில் சிக்கலைத் தீர்த்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்று நமக்கு முன்பே தெரியுமா? சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006) நாவலில் உலோகத்தை விழுங்கி அதை உடலுக்குள் எரித்தால் சக்தி வரும்; எந்த உலோகத்துக்கு என்ன சக்தி என்று ஒவ்வொன்றாகக் கற்பித்துவிட்டுத்தான் சண்டைக்குள் இறக்குகிறார். அதனால் வெற்றி நியாயமாகப் படுகிறது. முன்பின் சொல்லாத ஒரு சக்தி கடைசி நிமிடத்தில் முளைத்தால் அது பழுது. சயன்ஸ் ஃபிக்‌ஷனுக்குக் கேள்வி வேறு: அந்தக் கண்டுபிடிப்பை எடுத்துவிட்டால் கதை விழுந்துவிடுகிறதா? விழவில்லை என்றால் அது விண்வெளி உடை போட்ட வேறு கதை. அதுவும் சுவையாக இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டால் போதும்.

திருப்பங்களை உடைக்காமல் பேச, பின்னட்டையில் இருப்பதும் நூலின் முதல் கால் பகுதியில் நடப்பதும் மட்டும் பொதுச் சொத்து என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். 'ட்யூன்' போன்ற நூல்களில் இது எளிது. துரோகி யார் என்பதை ஹெர்பர்ட்டே ஆரம்பப் பக்கங்களில் சொல்லிவிடுகிறார். எப்படி, எதனால் என்பதுதான் கதை. 'கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது' என்று சொல்வதும் உடைப்புதான். கேட்டவர் அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் சந்தேகத்தோடு படிப்பார்.

ஒரு தொடரின் இரண்டு பாகங்களுக்கு நடுவே சில மாதங்கள் விழுந்துவிட்டால் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. முந்தைய பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் பெயர்த்தாளையும் படித்தால் முக்கால்வாசி திரும்பி வரும். ஒவ்வொரு பாகம் முடிந்த அன்றே தாளின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி வையுங்கள்: யார் எங்கே இருக்கிறார், யாரிடம் எது இருக்கிறது, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும். மறுநாளைக்குத் தள்ளினால் அந்த மூன்றாவது கேள்விக்கான விடைதான் முதலில் மறந்துபோகும்.